இழையை எண்ணிக் காட்டு!

(கொதிகலன் பகுதித் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பஞ்சுத் தூசியைப் பற்றி ஆலைத் தொழிலாளிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று நான் பேச வந்தது வேறொரு பஞ்சைப் பற்றி. நீராவிக் குழாயில் சூடு வெளியே போகாதபடி சுற்றுகிறார்களே, அந்தக் கண்ணாடிப் பஞ்சு, பாறைப் பஞ்சு. உலைச் சுவரில் பதிக்கும் பீங்கான் பஞ்சு. பழைய பஞ்சைப் பிய்க்கிற ஒப்பந்தக் கூலியைக் கேளுங்கள். உடம்பெல்லாம் அரிப்பு, கண்ணில் எரிச்சல், தொண்டையில் கரகரப்பு என்பான்.

“காற்று சுத்தமாகத்தான் இருக்கிறது” என்பார் மானேஜர். சுத்தமா இல்லையா என்பதை வாய்ப்பேச்சு தீர்க்காது. அளந்து பார்க்க வேண்டும்.

எப்படி அளப்பது? தொழிலாளியின் இடுப்பில் பாட்டரியில் ஓடும் சிறு பம்பு. அதன் குழாய் சட்டைக் காலர் வரை வரும். மூக்குக்கு ஓர் அடிக்குள், வடிதாள் வைத்த சிறு டப்பி. அவன் சுவாசிக்கும் காற்றையே பம்பு இழுக்கும்; தூசி வடிதாளில் தங்கும். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து இழைகளை எண்ணுவார்கள்.

எடை போட்டால் போதாதா? போதாது. தடித்த இழை எடையைக் கூட்டும். ஆனால் மூக்கோடு நின்றுவிடும். நுரையீரலின் அடிவரை இறங்குவது மெல்லிய இழையே. ஒரு மில்லிமீட்டரை 1000 கூறு போட்டால் ஒரு கூறு மைக்ரான். 5 மைக்ரானுக்கு மேல் நீளம், 3 மைக்ரானுக்குக் குறைந்த தடிப்பு, தடிப்பைப் போல் 3 மடங்காவது நீளம்: இப்படிப்பட்ட இழைகளைத்தான் எண்ணுகிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 8 மணி நேர வேலையில் ஒருவன் சுமார் 10 கனமீட்டர் காற்றை இழுக்கிறான். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1 இழை என்றால், அந்தக் காற்றில் இருப்பது 1 கோடி இழை!

பயமுறுத்துவது நம் வேலையல்ல. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2001ல் கூட்டிய நிபுணர்கள், காப்புக்குச் சுற்றும் கண்ணாடிப் பஞ்சும் பாறைப் பஞ்சும் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்த ஆதாரம் போதாது என்றார்கள். பீங்கான் இழையையோ புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பட்டியலில் வைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017ல் அதற்கு விதித்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியில் கன சென்டிமீட்டருக்கு 0.3 இழை.

சராசரி என்றதும் உஷாராக இருங்கள். பஞ்சைப் பிய்க்கும் 2 மணி நேரம் 4 இழை, மீதி 6 மணி நேரம் ஒன்றுமில்லை என்றால் சராசரி 1. பிய்க்கும் வேலை இல்லாத நாளில் அளந்தால் சைபர்! இன்னொன்று: சாதாரண மைக்ராஸ்கோப் இது கண்ணாடி, இது கல்நார் என்று பிரித்துச் சொல்லாது. பழைய கொதிகலனில் சுற்றியது கல்நாராகவும் இருக்கலாம். பிய்ப்பதற்கு முன்பே அதைச் சோதித்தாக வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கைகள்: பம்பை அறையின் மூலையில் அல்ல, வேலை செய்பவன் மேல் மாட்டு. பிய்க்கும் நாளில் அள. ஒப்பந்தக் கூலியை விட்டுவிடாதே. அளக்கும்போது சங்கப் பிரதிநிதி உடன் இருக்கட்டும். முடிவைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டு. அளந்ததோடு நில்லாமல், பஞ்சை நனைத்துப் பிய்க்கவும் தூசியை உறிஞ்சவும் ஏற்பாடு செய்!

தோழர்களே, கூலியை எண்ணி வாங்கக் கற்றோம். நம் மூச்சில் போகிற இழையையும் எண்ணிக் கேட்போம்!