முதலில் கேபிளைப் பிடுங்குங்கள்

கைதவறி ஒரு டிஸ்க்கின் மேல் வேறொன்றை எழுதிவிட்டால் என்ன செய்வது என்று இன்று பேசலாம்.

பழைய கணினியில் லினக்ஸ் போடுவதற்காக 4 ஜிபி கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றுகிறோம். பட்டியலில் ஒரு வரி மாறிவிடுகிறது. பக்கத்தில் செருகியிருந்த 1 டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் அது ஏறிவிடுகிறது. குடும்பப் படங்கள் இருந்த டிஸ்க்கைத் திறந்தால் லினக்ஸ் மட்டுமே தெரிகிறது.

உயிரே போனதுபோல் இருக்கும். ஆனால் அழிந்தது டிஸ்க்கின் முதல் 4 ஜிபிதான். மீதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளின் பெயரும் இடமும் பதிந்த அட்டவணை பெரும்பாலும் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து சுமார் 3 ஜிபி தள்ளித்தான் தொடங்கும். அது அடிபட்டதால், எந்தப் படம் எங்கே என்று கணினிக்குத் தெரியவில்லை.

ஆகவே உடனே டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். "ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்காதீர்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவவே கூடாது. அது எழுதும் ஒவ்வொரு பைட்டும் உங்கள் படம் ஒன்றின் மேல் விழலாம். டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்கில் அப்படியே நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பொறுமை இழந்து இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

பிறகு ஃபோட்டோரெக். இலவச மென்பொருள்தான். பெயர் அட்டவணையை அது தேடுவதே இல்லை. ஜேபெக் படம் எதுவும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். டிஸ்க் முழுவதும் அந்தத் தொடக்கத்தைத் தேடித் தேடிப் படங்களை எடுத்துத் தருகிறது. துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த பெரிய வீடியோக்கள் மட்டும் பாதியில் உடையலாம்.

எஸ்எஸ்டி என்றால் நிலைமை கடினம். கோப்பை நீக்கியதுமே டிரிம் என்னும் கட்டளை போய், அந்த இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துவிடக்கூடும். ஹார்டு டிஸ்க்கிலும், மேலெழுதப்பட்ட அந்த 4 ஜிபிக்குள் இருந்தவை திரும்பாது. அவற்றையும் மீட்டுத் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மீண்டு வரும் படங்களுக்குப் பழைய பெயர் இருக்காது. எஃப் என்ற எழுத்தும் ஓர் எண்ணும்தான் இருக்கும். கலங்க வேண்டாம். கேமரா பதிந்த நாளும் நேரமும் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும். அந்தத் தேதிப்படி அடுக்கினால், எது எந்த விசேஷத்தில் எடுத்த படம் என்று நீங்களே பிரித்துவிடலாம்.