படைக்குப் போனவர்களும் காத்திருந்தவர்களும்

(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





"நம் குடும்பங்களில் படைச் சேவை" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வீரத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் பேச வந்தது பெயர்களைப் பற்றி.

கிராஞ்சிப் போர் நினைவிடத்துக்குப் போயிருக்கிறீர்களா? இங்கே கை தூக்கச் சொன்னால், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போன பிள்ளைகள்தான் தூக்குவார்கள். குன்றின் மேலே தூண்களில் 24,000-க்கும் அதிகமான பெயர்கள் வெட்டியிருக்கின்றன. அடக்க இடம் தெரியாதவர்கள் அவர்கள். நடந்துகொண்டே படித்தால் முஹம்மது, அப்துல், ஷேர், குலாம் என்று நம் பெயர்களும் வரிசையாக வரும். பிரிட்டிஷ் இந்தியப் படையில் வந்தவர்கள், பஞ்சாபிகள் அதிகம். பதிவேட்டில் பலருக்கு இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர் என்றுகூட எழுதியிருக்கிறது. சிங்கப்பூரைப் பார்த்தே இராத ஒரு கிராமத்துப் பெண்ணின் பெயர் சிங்கப்பூர்ப் பதிவேட்டில் இருக்கிறது.

என் நன்னியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

என் நன்னா, அதாவது அம்மாவின் அத்தா, 1940-ல் கப்பலேறி இங்கே ஒரு கடையில் கணக்கெழுத வந்தார். அம்மா அப்போது நன்னியின் வயிற்றில். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு கடிதமும் நின்றது, மாதாமாதம் போன பணமும் நின்றது. 1943 ஜூலையில் நேதாஜி வந்து பாடாங்கில் படையைப் பார்வையிட்டார். அதுவரை அது பெரும்பாலும் கைதான சிப்பாய்களின் படை. அதன்பிறகு தோட்டத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் சேர்ந்தார்கள், பலர் தமிழர்கள். அந்த அக்டோபர் 21-ல் கேத்தே கட்டடத்தில் தற்காலிக அரசை அறிவித்தபோது, அதன் ஆலோசகர்களில் ஒருவர் நம் கரீம் கனி அவர்கள். பின்னாளில் 'மலாயா நண்பன்' ஆசிரியராக இருந்தவர் என்று மூத்தவர்களுக்குத் தெரியும்.

நன்னாவும் சேர்ந்தார். நாட்டுப்பற்றினால்தான் என்று சொல்ல எனக்கு ஆசை. கடை மூடிக் கிடந்தது, அரிசி கிடைக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டும் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் ஒருவர் அவரை ரங்கூனில் பார்த்தேன் என்றார். இன்னொருவர், இம்பால் பக்கம் போனவர் திரும்பவில்லை என்று கேள்வி என்றார். மையித்தைப் பார்த்தவர் யாருமில்லை. மௌத்துக்குச் சாட்சி இல்லை, ஆகவே இத்தாவும் இல்லை. யாஸீன் ஓதி ஹதியா செய்வதா, நலமாகத் திரும்பட்டும் என்று துஆக் கேட்பதா என்றுகூட வீட்டில் தெரியவில்லை. 1939-ல் வந்த சட்டப்படி, கணவனைப் பற்றி நான்கு வருடம் தகவல் இல்லையென்றால் முஸ்லிம் பெண் கோர்ட்டில் விடுதலை கேட்கலாம். நன்னிக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அவருடைய அண்ணன்மார் எடுத்துச் சொன்னார்கள். "வந்து வாசலில் நின்றால் யார் கதவு திறப்பது?" என்று கேட்டாராம். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

நன்னாவின் பாகத்து நிலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தார்கள். அம்மாவின் நிக்காஹுக்கு வலியாக நின்றவர் நன்னாவின் தம்பி. அத்தா இருக்கிறாரா என்று பதிவுப் புத்தகத்தோடு வந்தவர் கேட்டபோது சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று அம்மா சொல்வார். போருக்குப் போனவர் விட்டுப்போன சொத்து இதுதான்: ஒரு பதில் சொல்ல முடியாத கேள்வி. அதைச் சுமந்தவர்கள் பெண்கள். பதக்கம் வாங்கிய குடும்பங்களிலும் விசாரித்துப் பாருங்கள், இதைப்போல ஏதாவது இருக்கும்.

எஸ்பிளனேடில் இந்தியத் தேசிய ராணுவத்துக்கு ஒரு நினைவுச் சின்னம் இருந்தது. 1945 ஜூலை 8-ல் நேதாஜியே அடிக்கல் வைத்தார். திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துவிட்டார்கள். 1995-ல் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் நட்டார்கள். அந்தச் சின்னமே பெயர் தெரியாத வீரனுக்காக எழுப்பியது. நன்னாவின் பெயரை அங்கே தேடிப் பயனில்லை.

நானும் படையில் இருந்தவன்தான். 1967-ல் தேசிய சேவை வந்தது, எழுபதுகளின் கடைசியில் என் முறை. நன்னாவுக்கு உத்தரவு இந்துஸ்தானியில், எனக்கு மலாயில். "செடியா" என்று சார்ஜண்ட் கத்தும்போதெல்லாம், இவருக்கு இது எந்த மொழியில் கேட்டிருக்கும் என்று நினைப்பேன். என் மகன் சேர்ந்தபோது அடுத்த உறவினர் யார் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். அவன் தன் அம்மாவின் பெயரை எழுதினான். அவனுக்கு அது ஒரு வரி. ஏதாவது ஆனால் யார் கதவைத் தட்ட வேண்டும் என்று இன்று அரசாங்கத்துக்குத் தெரியும். நன்னியின் கதவைத் தட்ட யாருக்கும் முகவரி தெரியாது.

பொன்விழா மலர்க் குழுவினரிடம் பேசியிருக்கிறேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. பிரிட்டிஷ் படை, இந்தியத் தேசிய ராணுவம், சயாம் ரயில் பாதை, எதில் போய்த் திரும்பாதவராக இருந்தாலும் எழுதுங்கள். சயாமுக்குப் போனவர்கள் சிப்பாய்கள் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெயர், அத்தா பெயர், ஊர், கடைசியாக வந்த கடிதத்தின் வருடம். தெரியாததை வெற்றாக விடுங்கள், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள். மனைவியின் பெயருக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தில் நன்னாவுக்குப் பக்கத்தில் நன்னியின் பெயரை இன்று மாலை எழுதிவிட்டேன். மஃக்ரிபுக்குப் பிறகும் நோட்டு அங்கேயே இருக்கும்.