நாற்பத்தொன்பதாம் இடம்



விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கோப்பை ஏந்தி நிற்பவரையே எழுதுகின்றனர். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, தோற்று வடக்கிருந்தவன் அவனினும் உயர்ந்தவன் என்று சொல்லத் துணிந்த வெண்ணிக் குயத்தியாரின் நெஞ்சுரம் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. எலெனா பால்டச்சா என்னும் பிரித்தானிய டென்னிஸ் வீராங்கனையைப் பற்றிப் பேச அந்த உரத்தில் சிறிதேனும் வேண்டும். ஏனெனில் உலகத் தரவரிசையில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் 49. விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரும் போட்டிகள் எதிலும் ஒற்றையர் பிரிவில் மூன்றாம் சுற்றை அவர் தாண்டியதில்லை.

1983ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்த கீவ் நகரில் அவர் பிறந்தார். தந்தை செர்கெய் பால்டச்சா சோவியத் நாட்டணியில் ஆடிய கால்பந்து வீரர். தாய் ஓல்கா தடகள வீராங்கனை. தந்தை இங்கிலாந்தின் இப்ஸ்விச் டவுன் அணியில் சேர்ந்தபோது குடும்பமும் உடன் பெயர்ந்தது. ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கப் போட்டிகளில் ஆடிய முதல் சோவியத் வீரர் அவரே என்பர். பின்னர் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரம். மொழி தெரியாத நாட்டிற்கு வந்த அச்சிறுமிதான் வளர்ந்து, பதினோராண்டுக் காலம் ஃபெட் கோப்பைப் போட்டிகளில் பிரித்தானியாவுக்காக ஆடினார்.

2002ஆம் ஆண்டு விம்பிள்டனில், பதினெட்டு வயதில், அவர் பெயர் முதன்முதலாக நாடெங்கும் கேட்டது. ஒருகாலத்தில் உலகின் மூன்றாம் இடத்தில் இருந்த தென்னாப்பிரிக்க வீராங்கனை அமாண்டா கோட்சரை வென்று அவர் மூன்றாம் சுற்றுக்குச் சென்றார். 1977இல் வெர்ஜீனியா வேட் வென்ற பிறகு பெரும்போட்டி ஒன்றில் ஒற்றையர் பட்டம் வென்ற மகளைக் காணாத நாடு அது. அந்த ஏக்கமெல்லாம் ஓர் இளம்பெண்ணின் தோளில் ஏறி அமர்வதற்கு இரண்டு வெற்றிகள் போதுமானவையாக இருந்தன!

அந்தத் தோளின்மேல் வேறொரு சுமையும் விரைவில் ஏறியது. பத்தொன்பதாம் வயதில், பித்த நாளங்கள் அழற்சியுற்றுத் தழும்பேறிச் சுருங்கும் நாட்பட்ட கல்லீரல் நோய் ஒன்று தமக்கு இருப்பதை அவர் அறிந்தார். தீராத களைப்பு இந்நோயின் இயல்பு. மூன்று செட்டுகள் ஓடியாட வேண்டிய ஒருவருக்குக் களைப்பே நோயாக வருவது எத்தகைய கொடுமை என்பதை விளக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் மருந்து, தவறாத குருதிச் சோதனை என்ற ஒழுங்கோடு தம் ஆட்டவாழ்வின் எஞ்சிய பகுதி முழுவதையும் அவர் ஆடினார். 2005ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் போட்டியில் தகுதிச் சுற்றுகளில் ஆடி நுழைந்து மூன்றாம் சுற்றை எட்டினார். அதன்பின் முதுகுத் தண்டில் அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தது. தரவரிசையில் நூறுநூறாகச் சரிந்தார்.

தரவரிசை என்பது யாது? கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளின் கூட்டு அது. சென்ற ஆண்டு இதே வாரத்தில் பெற்றது இவ்வாரம் கழிந்துவிடும். ஆகவே நின்ற இடத்தில் நிற்பதற்கே வெல்ல வேண்டும். நோயிலும் காயத்திலும் படுத்திருப்பவர் படுத்தபடியே கீழிறங்குவார். பெரும்போட்டியின் 128 இடங்களில் 104 இடங்கள் தரவரிசைப்படி நிரம்புகின்றன. நூறாம் இடத்துக்கு மேலே இருப்பவர் முதற்சுற்றில் தோற்றாலும் நல்ல பணத்தோடு திரும்புவார். கீழே இருப்பவரோ, பார்வையாளர் இருக்கைகள் வெறிச்சோடிய சிற்றூர் ஆடுகளங்களில், அன்றைய கணக்கில் மொத்தப் பரிசே 10,000 டாலராக இருந்த போட்டிகளில் ஆடவேண்டும். அத்தொகையையும் ஆடவந்த அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்; பயணச் செலவும் தங்குசெலவும் அவரவர் பாடு. இத்தகைய கீழ்நிலைச் சுற்றுகளில் பால்டச்சா வென்ற ஒற்றையர் பட்டங்கள் 11. அவற்றை எந்நாட்டு நாளிதழும் முதற்பக்கத்தில் வெளியிடவில்லை.

2009ஆம் ஆண்டில்தான், இருபத்தாறு வயதில், முதல் நூறு பேருக்குள் அவர் வந்தார். அவ்வாண்டின் இறுதியில் தொடங்கி, இடையிட்டு இடையிட்டு, மொத்தம் 132 வாரங்கள் பிரித்தானிய மகளிரில் முதலிடம் வகித்தார். 2010 ஜனவரியில் ஆஸ்திரேலியப் போட்டியின் இரண்டாம் சுற்றில் அவர் வென்றது உக்ரைன் வீராங்கனை கத்தரீனா பொண்டரென்கோவை. பிறந்த மண்ணின் கொடிக்கு எதிரே நின்று வளர்ந்த மண்ணின் கொடிக்காக ஆடிய அன்றைய மனநிலையை அளக்க எந்தப் புள்ளிப்பட்டியலும் இல்லை. அதைக் கவிஞர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

அதே ஆண்டு விம்பிள்டனில் பிரித்தானிய மகளிர் அறுவரும் முதற்சுற்றிலேயே தோற்றனர். பால்டச்சாவும் அவர்களுள் ஒருவர். நாளேடுகள் எள்ளி நகையாடின. தோல்வியைக் கணக்கிடுவது எளிய தொழில். தொடங்கிய இடத்தைக் கணக்கில் கொள்வது அருமை. அந்த எள்ளலுக்கு மூன்றே திங்கள் கழித்து, செப்டம்பரில், அவர் உலகின் 49ஆம் இடத்தை அடைந்தார். பட்டியலில் இடம்பெற்றோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்; அவர்களுள் எத்தனை பேர் அந்நோயுடன் ஆடினர்? இந்தக் கேள்வியைக் கேட்க அன்று எவருக்கும் தோன்றவில்லை.

2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் விம்பிள்டன் புல்தரையிலேயே ஹங்கேரியின் ஆக்னஸ் சாவேயை வென்று, அடுத்த சுற்றில் ஆனா இவானோவிச்சிடம் தோற்றார். 2013 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். டிசம்பரில் தம் பயிற்சியாளர் நினோ செவரினோவை மணந்தார். 2014 ஜனவரியில் கல்லீரலில் புற்று என்று மருத்துவர்கள் கண்டனர். மே 4ஆம் நாள், முப்பது வயதில், அவர் மறைந்தார். மணவாழ்வு ஐந்து திங்கள் அளவே.

ஆடிக்கொண்டிருந்த நாளிலேயே இப்ஸ்விச்சில் கணவருடன் சேர்ந்து அவர் ஒரு டென்னிஸ் பயிற்சிப் பள்ளியை நிறுவியிருந்தார். பிரித்தானியாவில் டென்னிஸ் நெடுங்காலமாகச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம். மட்டை வாங்க வகையற்ற வீட்டுப் பிள்ளைகளும் அதனை ஆடவேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் மறைந்த அடுத்த திங்கள், சக ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடி அவர் நினைவாகக் காட்சி ஆட்டங்கள் ஆடிப் பொருள் திரட்டியபோது, அதில் ஒரு பங்கு அப்பள்ளிக்கே சென்றது.

2011இல் அவர் பட்டம் வென்ற நாட்டிங்காம் போட்டியின் மகளிர் ஒற்றையர் கோப்பை பின்னர் அவர் பெயரைப் பெற்றது. 2021ஆம் ஆண்டு அக்கோப்பையை ஏந்தியவர் ஜொஹான்னா கோன்ட்டா. அவரும் பிறந்தது வேறு நாட்டில், சிட்னியில், ஹங்கேரியப் பெற்றோருக்கு. 2023இலும் 2024இலும் லெஸ்டர் நகர்ப் பெண் கேட்டி போல்ட்டர் அதனை ஏந்தினார்.