எஞ்சியது எங்கே போகிறது?

 

நீரை வடிகட்டிப் பருகுவது சமண இல்லறத்தாரின் தொன்மையான ஒழுக்கம். அவ்வொழுக்கத்தில் இரண்டாவதாக ஒரு பகுதியும் உண்டு. நகர வாழ்க்கையில் அது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. தூய நீர் கிடைத்தவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. வடிகட்டிய துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, நீர் முகந்த அதே கிணற்றில் மெல்லச் சேர்த்துவிட வேண்டும். துறவியர் போற்றும் ஐந்து சமிதிகளுள் இறுதியானதும் இக்கருத்தைச் சார்ந்ததே. கழிவை இடும்போதும் உயிர்களில்லாத இடம் பார்த்தே இடுதல் வேண்டும் என்பது அது. எடுப்பதில் காட்டும் கவனத்தை எஞ்சியதை இடுவதிலும் காட்ட வேண்டும் என முன்னோர் வகுத்தனர்.

இன்று சென்னை மாநகரில் சுற்றுச்சூழல் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. 1973 முதல் ஜூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. செப்டம்பரின் மூன்றாம் சனிக்கிழமை கடற்கரையில் குப்பை பொறுக்கப் பள்ளிப் பிள்ளைகள் திரள்கின்றனர். மரக்கன்று நடுவதும், மிதிவண்டிப் பேரணி செல்வதும், துணிப்பை வழங்குவதும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. இவை யாவும் நல்லவையே. ஆயினும் இவற்றின் பயனை அளந்தறிய ஒரு கேள்வி வேண்டும். எஞ்சியது எங்கே போகிறது என்பதே அக்கேள்வி.

அதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கல்மண்டபத்திலிருந்து வடக்கே காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் கடந்து எண்ணூர் வரை சென்றால் போதும். மாநகரின் விளக்குகள் எரிய நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பல் எண்ணூர்ப் பகுதியில் தங்குகிறது. ஊர்திகள் ஓட எண்ணெய் சுத்திகரிக்கப்படுகிறது. அதன் கழிவின் சுமையை மணலி தாங்குகிறது. வீடுகளின் குப்பை கொடுங்கையூரில் குன்றாகக் குவிந்திருக்கிறது. பயன் நகரெங்கும் பரவுகிறது. எஞ்சியதோ வடசென்னைக்கு வந்து சேர்கிறது.

எண்ணூர்க் கழிமுகத்தின் நிலை இதற்குச் சான்று. கொசஸ்தலையாறு கடலொடு கலக்கும் இடம் அது. உப்புநீரும் நன்னீரும் சேர்வதால் இறாலும் நண்டும் மீனும் பெருகிய நீர்நிலை. இருளர் குடும்பங்கள் நீரில் இறங்கிக் கைகளால் தடவியே இறால் பிடித்து வாழ்ந்த இடம். 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், நீரில் கரைத்த சாம்பல் குழாய்கள் வழியே சாம்பற்குளத்திற்கு அனுப்பப்பட்டது. குழாய்களில் ஏற்பட்ட கசிவுகளால் அச்சாம்பல் ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. ஆழம் குறைந்தது, மீன்வளம் குன்றியது. நீரில் வாழும் உயிர்களுக்கும், அவற்றை நம்பி வாழும் மனிதர்க்கும் ஒருங்கே துன்பம் நேர்ந்தது.

இத்துன்பத்தை நகரத்தார் செவிகளுக்குக் கொண்டுசென்றது ஒரு பாடல். 2017ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' வெளிவந்தது. கபேர் வாசுகி இயற்றிய அப்பாடலைக் கருநாடக இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்ச் சாம்பல் மண்ணிலேயே நின்று பாடினார். புறம்போக்கு என்னும் சொல் ஒரு காலத்தில் ஊர்ப் பொதுநிலத்தைக் குறித்தது. பின்னர் வசைச்சொல்லாகத் தாழ்ந்தது. சொல்லின் மதிப்புத் தாழ்ந்ததோடு நிலத்தின் மதிப்பும் தாழ்ந்தது என்பதை அப்பாடல் உணர்த்தியது. அரங்குகளில் இசை கேட்டோர் பலருக்கு எண்ணூரின் பெயர் அதன்பின்னரே நெஞ்சில் பதிந்தது.

அப்பாடல் வெளிவந்து இரு வாரங்களே கழிந்த நிலையில், 2017 ஜனவரி 28ஆம் நாள் அதிகாலை, எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கடலிற் பரந்து எர்ணாவூர்க் கரையில் கருஞ்சேறாகத் தேங்கியது. மீனவர்களும், மாணவர்களும், தன்னார்வலர்களும், அரசுப் பணியாளர்களும் வாளிகளைக் கொண்டு அக்கசடை அள்ளினர். தக்க பாதுகாப்பு உறைகளின்றி இறங்கியோரும் பலர். அவர்தம் தொண்டு போற்றுதற்குரியது. ஆனால் அள்ளப்பட்ட கசடு மறைந்துவிடவில்லை. நுண்ணுயிர்களைக் கொண்டு அதைச் சிதைக்கும் பணியைத் தனியே மேற்கொள்ள வேண்டியிருந்தது. கரையைத் தூய்மை செய்த பிறகும், எஞ்சியது எங்கே போகிறது என்னும் கேள்வி எஞ்சியே நின்றது.

ஏழாண்டுகள் நிறையுமுன் துன்பம் மீண்டும் வந்தது. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில், மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. கூழைக்கடா முதலிய பறவைகள் இறகில் எண்ணெய் படிந்து தவித்தன. அலையாத்திச் செடிகளின் வேர்கள் கறுத்தன. வலையும் படகும் பாழாயின. தம் பிழைப்பை அழித்த அதே எண்ணெயை மீனவர்களே படகில் சென்று அள்ளினர். அம்மாதம் 26ஆம் நாள் இரவு பெரியகுப்பம் கடற்பகுதியில் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறிய மக்கள் இருளில் வீடுகளை விட்டு வெளியேறினர்.

இந்நிகழ்ச்சிகளை அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். தூய்மைப் பணி வேண்டும். அது தீங்கு நிகழ்ந்தபின் செய்யும் பணி. தீங்கு நிகழாமற் காப்பது அன்றாட ஒழுக்கமும், விழிப்பான மேற்பார்வையும், சட்டத்தின் உறுதியுமே. ஒருநாள் விழா இம்மூன்றில் ஒன்றையேனும் விட்டுச்சென்றால்தான் அதற்குப் பொருள் உண்டு.

விட்டுச்சென்றமைக்கு எடுத்துக்காட்டும் உண்டு. 2018 ஜூன் 5ஆம் நாள் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை அறிவித்தது. 2019 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. திருமண வீட்டில் தாம்பூலத்தோடு கிடைத்த மஞ்சள் பை, நாகரிகக் குறைவின் அடையாளமாகக் கருதப்பட்ட காலமும் இருந்தது. அப்பை மதிப்போடு திரும்பி வந்தது. தடை முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுவதில்லை என்பது கடைவீதிக்குச் சென்று வருவோர் அறிந்ததே. சட்டம் வாயில்வரை வரும். வீட்டுக்குள் ஒழுக்கமே வர வேண்டும்.

அவ்வொழுக்கத்திற்குச் சமண நெறியில் பெயர் உண்டு. இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை முறித்தல் ஆகியவற்றை அது விலக்குகிறது. வாழ்வதற்கு ஓரளவு தீங்கு நேர்வதைத் தவிர்க்க இயலாத இல்லறத்தாரிடம், பயனற்ற தீங்கையேனும் விடுக என்று அந்நெறி கேட்கிறது. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தையும் ஓரறிவுயிர்களாகக் கண்ட நெறி வேறெவ்வாறு கூறும்?

இவ்விரதத்தை விழாக்களில் பொருத்திப் பார்த்தல் வேண்டும். ஆலய விழாவிலும் ஊர்வலத்திலும் நீர்ப் பொட்டலமும், நெகிழி பூசிய தாள் தட்டும் குவளையும், நெகிழிக் கொடியும் வழங்கப்பெறின், அவை மாலைக்குள் குப்பையாகும். இவை யாவும் தடைப் பட்டியலில் உள்ளவை. வடசென்னையில் எறியப்படும் குப்பை கொடுங்கையூரை நாடியே செல்லும். கொல்லாமையைப் போற்றும் விழாவில் எஞ்சியது, அங்கு வாழும் குழந்தைகளின் மூச்சில் கலக்கலாமா?

மாற்று வழிகள் எளியவை. வாழையிலையும் தையல் இலையும் உள்ளன. கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர்த் தட்டுகளை அறக்கட்டளைகள் ஒருமுறை வாங்கினால் பல்லாண்டு உழைக்கும். உணவுக்கு வருவோரை முன்னரே கணக்கிட்டால் சோறு வீணாகாது. பூசைப் பூக்களையும் காய்கறித் தோல்களையும் உரமாக்கலாம். போகியன்று பழைய துணியையும் பாயையும் எரிக்காமல் மாநகராட்சிப் பணியாளரிடம் ஒப்படைக்கலாம். 2018ஆம் ஆண்டுப் போகியன்று புகைமூட்டத்தால் சென்னை வானூர்திப் போக்குவரத்தே தடைப்பட்டது நினைவுகூரத்தக்கது. அப்புகையில் முதலில் இருமியோர் முதியவர்களும் சிறுவர்களுமே.

இன்னும் ஒன்று: சுற்றுச்சூழல் நிகழ்ச்சி நடத்துவோர், எண்ணூர், காசிமேட்டு மீனவப் பெருமக்களை மேடையேற்றி அவர்கள் கூறுவதைக் கேட்டல் வேண்டும். ஆற்றின் ஆழமும் மீனின் வரவும் அவர்கள் அறிந்தவாறு பிறர் அறியார். துன்பம் உற்றவர் பேசாத மேடையில் நிகழ்த்தப்படும் உறுதிமொழி, மேடையிலேயே நின்றுவிடும்.

அடுத்த விழாவிற்குக் குழு கூடும்போது, வரவு செலவுக் கணக்கோடு மற்றொரு கணக்கும் எழுதப்பட வேண்டும். எத்தனை கூடை குப்பை எஞ்சியது, அது எங்கே சென்றது என்பதே அக்கணக்கு. ஆண்டுதோறும் அது குறைந்துவருமாயின், அறம் பேச்சளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு அதுவே சான்றாகும்.

எல்லா உயிரும் இன்புறுக.