உள்ளத்துப் புண்ணும் தன்மீது பரிவும்

(பெங்களூரில் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அனைவரும் கூடியிருக்கும்போது பேசாமல் வேறு எப்பொழுது பேசுவது? காலில் முள் தைத்தால் ஊரறியச் சொல்கிறோம். உள்ளத்தில் தைத்ததை உடன்பிறந்தாரிடமும் மறைக்கிறோம். விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், இளமையில் கொடுமைக்கு ஆளான பெண், வெள்ளத்தில் தாம் மட்டும் உயிர்தப்பியவர் ஆகியோரிடம் நாம் கூறும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றே: "அதை மறந்துவிடு." இவ்வறிவுரையின் தகுதியைச் சிறிது ஆராய்வோம்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர் பலர் உடலில் காயமின்றியே நிலைகுலைந்தனர். சிலர் பேச்சிழந்தனர், சிலர் உறக்கத்தில் அலறினர். குண்டதிர்ச்சி என்னும் பெயரால் இது 1915-ல் மருத்துவ ஏட்டில் இடம்பெற்றது. கோழைத்தனம் என்று இகழ்ந்தவரும் உண்டு. எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் இவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். அவர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். நீலகிரியில் தங்கித் தோடர்களின் வாழ்வை ஆராய்ந்து, 1906-ல் அவர்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டவர் அவரே.

1917 டிசம்பரில் மருத்துவர் அவையொன்றில் ஆற்றிய உரையில் ஓர் இளம் அதிகாரியைப் பற்றி ரிவர்ஸ் கூறினார். அவ்வதிகாரி போர்க்களத்தில் நண்பரைத் தேடிச் சென்று, குண்டால் சிதறிய உடலைக் கண்டவர். பகலெல்லாம் அந்நினைவை விரட்டினார். இரவில் அது கனவாகத் திரும்பியது. உறங்கவே அஞ்சினார். ரிவர்ஸ் அவரை மறக்கச் சொல்லவில்லை. உடல் அவ்வாறு சிதறியிருந்ததே நண்பர் நொடிப்பொழுதில் இறந்தார் என்பதற்குச் சான்று என்றும், நெடுநேரம் துடிக்கும் வேதனை அவருக்கு நேரவில்லை என்றும் எடுத்துரைத்தார். சில இரவுகள் கனவின்றிக் கழிந்தன. பின்னர் அதே கனவு வந்தது. அதில் திகில் இல்லை. நண்பரின் உடலருகே மண்டியிட்டு, அவர் உற்றாருக்கு அனுப்பவேண்டிய பொருள்களை எடுப்பதாகக் கண்டு, மெல்ல அழுதவாறு விழித்தார். நடந்தது மாறவில்லை, ஆனால் திகில் துயரமாயிற்று. துயரம் ஆறக்கூடியது. எல்லா நினைவிலும் இத்தகைய ஆறுதல் கிட்டுவதில்லை என்பதையும் ரிவர்ஸ் மறைக்கவில்லை.

1980-ல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் இந்நோயைத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. பேரிடர் கண்டவர் எல்லோரும் நோயாளராவதில்லை. காலமும் சுற்றத்தார் துணையும் பலரைத் தேற்றிவிடும். தேறாதவர்க்கே உளச்சிகிச்சை வேண்டும். பயிற்சி பெற்றவர் முன்னிலையில், அச்சமற்ற சூழலில், தாங்கும் அளவில் நினைவை எடுத்துச் சொல்வதும், அதனோடு ஒட்டிக்கொண்ட எண்ணங்களைச் சீர்தூக்குவதும் அதன் முறைகளுட் சில. வலிந்து கிளறுவது மருத்துவமாகாது.

ஒட்டிக்கொண்ட எண்ணங்களுள் கொடியது, "என்னால்தான் நேர்ந்தது" என்பது. அன்று வெளியே அனுப்பாதிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பானே என்று தாய் தன்னைத்தானே தண்டிக்கிறாள். அதே துயரோடு அடுத்த வீட்டுப் பெண் வந்தால் அவளை இப்படித் தண்டிப்பாளா? அவள் கையைப் பற்றிக்கொள்ள மாட்டாளா? பிறர்க்கு அளிக்கும் அப்பரிவைத் தனக்கும் அளிப்பதே தன்மீது பரிவு.

கிறிஸ்டின் நெஃப் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 2003-ல் இதனை மூன்று கூறாக விளக்கினார்: தன்னிடம் கனிவு கொள்ளுதல், துன்பம் மாந்தர் அனைவர்க்கும் பொது என உணர்தல், துன்பத்தை மறைக்காமலும் பெருக்காமலும் உள்ளபடி நோக்குதல். இதைத் தன்னிரக்கம் என்று கொள்வது பிழை. "எனக்கு மட்டும் ஏன்?" என்று தன்னிரக்கம் கதவை அடைத்துக்கொள்ளும். "எனக்கும் நேர்ந்தது" என்று பரிவு கதவைத் திறக்கும்.

இவ்வூரில் வாழும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. அலுவலகத்தில் ஆங்கிலமும் கடைத்தெருவில் கன்னடமும் பேசுகிறோம். அழுகை மட்டும் தாய்மொழியில்தான் வருகிறது. ஓசூர்ச் சாலையில் நிமான்ஸ் மருத்துவமனையைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தும் வழக்கத்தை விடுவோம். 2022-ல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அவ்வெண்ணை இல்லந்தோறும் எழுதி வைப்போம்.

நம்முள் ஒருவர் தம் புண்ணைப் பற்றி வாய் திறந்தால், "மறந்துவிடு" என்று மூடிவிடாமல், "சொல்லுங்கள், கேட்கிறோம்" என்போம். மருத்துவரிடம் செல்ல அஞ்சினால் வாயில்வரை உடன் செல்வோம். தொலைவில் வந்து குடியேறிய நாம் சங்கம் கண்டதே ஒருவர்க்கொருவர் துணையாவதற்கன்றோ!