கொடுப்போரும் கூடிக் கற்க வேண்டும்

(பைத்துல்மால் குழு உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஸகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்பதை நாம் அறிவோம். அதில் ஐயம் எழுந்தால் விளக்கிட ஆலிம் பெருமக்கள் உள்ளனர். ஆனால் வேப்பந்தட்டையில் எந்த வீடு அவ்வகையில் அடங்கும் என்பதைக் கிதாபுகளில் தேடிக் காண இயலாது. அந்த அறிவு நம்மிடம்தான் இருக்கிறது. அதுவும் சிதறிக் கிடக்கிறது. கடைக்காரருக்குப் பற்று வரவு தெரியும். ஆசிரியருக்குப் படிப்பை நிறுத்திய பிள்ளையைத் தெரியும். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிடுவோருக்கு, மழை பொய்த்த ஆண்டில் எவர் வீட்டில் கூலி நின்றது என்பது தெரியும்.

பல ஊர்க் குழுக்களில் நடப்பது என்ன? ஒருவர் மனுவை வாசிக்கிறார், உரக்கப் பேசுபவர் ஒரு தொகையைச் சொல்கிறார், மற்றவர்கள் தலையசைக்கின்றனர். மனு எழுதத் தெரிந்தவருக்கு உதவி கிடைக்கிறது. கேட்கக் கூசுபவர் விடுபட்டுப் போகிறார்.

இதற்குப் பிறர் கண்டறிந்த வழியொன்றைக் கூறுகிறேன். பார்பரா கிராண்டின் என்ற ஆய்வாளர் 1988-இல் ஒரு கையேடு வெளியிட்டார். ஊரிலுள்ள ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஓர் அட்டை. ஊரை அறிந்த சிலர், ஒருவர் பிரித்ததை மற்றவர் காணாதபடி, அவ்வட்டைகளை வசதிக்கேற்பக் குவியல்களாகப் பிரிக்க வேண்டும். பின்னர் ஒப்பிட வேண்டும். அனைவரும் ஒன்றுபோல் வைத்த அட்டைகளைப் பற்றிப் பேச அதிகமில்லை. ஒருவர் மேல் குவியலிலும் மற்றவர் கீழ்க் குவியலிலும் வைத்த அட்டைதான் நமக்குப் பாடம். மாடி வீடென்று ஒருவர் பார்த்திருப்பார். வளைகுடாவிலிருந்து பணம் வருவது நின்றுபோனதை மற்றவர் அறிந்திருப்பார்.

இத்தகைய முறைகளை 1989 முதல் பெங்களூரைச் சேர்ந்த மைராடா நிறுவனம் தென்னிந்தியக் கிராமங்களில் பெரிதும் கையாண்டது. மக்களே கோலப்பொடியால் தம் ஊரைத் தரையில் வரைந்தனர். விதைகளை வைத்து எண்ணிக்கை காட்டினர். காகிதத்தில் வரைந்தால் எழுதுகோல் வைத்திருப்பவர் ஒருவரே எஜமானர். தரையில் வரைந்தால் எவரும் குனிந்து ஒரு கோட்டை அழித்துத் திருத்தலாம். தமிழகத்தில் 2005-இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்திலும் 'மக்கள் நிலை ஆய்வு' என்ற பெயரில் ஊர் மக்களே ஏழைகளைக் கண்டறிந்தனர். கேரளத்தின் குடும்பஸ்ரீயோ ஒன்பது அடையாளங்களை வைத்தது: குடிநீர் இன்மை, கழிப்பிடம் இன்மை, நாளொன்றுக்கு இருவேளையோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே உண்ணும் நிலை போன்றவை. அவற்றுள் நான்கேனும் பொருந்தினால் அது ஏழைக் குடும்பம். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் எவரும் உண்மை சொல்வதில்லை. கழிப்பிடம் உண்டா இல்லையா என்பதை மறைக்க முடியாது.

நமக்கு மதரஸாத் திண்ணையும் சுண்ணக்கட்டியும் ஒரு படி புளியங்கொட்டையும் போதும். தெருத்தெருவாக வரைவோம். அதன்பின் கற்பனையாக நான்கு மனுக்களை நாமே எழுதுவோம்: கடனில் மூழ்கிய ஓட்டுநர், மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணம், கணவரை இழந்த பெண்ணின் தையல் இயந்திரம். நம்மிடம் இருப்பது இருபதாயிரம் ரூபாய் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் எவருக்கு எவ்வளவு என்று சீட்டில் எழுதி, ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். தலைவரின் சீட்டு முதலில் திறக்கப்படுமானால் பயிற்சி அத்துடன் முடிந்தது!

இது சிறுபிள்ளை விளையாட்டு என்பார் உண்டு. இருக்கட்டும். உண்மையான மனுவில் தவறினால் ஒரு குடும்பம் ஓராண்டு காத்திருக்க வேண்டும். கற்பனை மனுவில் தவறினால் எவருக்கும் நட்டமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். பிறர் வறுமை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆகவே படத்தில் பெயர் எழுதலாகாது, கூட்டம் முடிந்ததும் தரையைக் கழுவிவிட வேண்டும், கைப்பேசியில் படம் எடுத்தல் கூடாது. மற்றொன்று, அடுப்பு எரியாத வீட்டை முதலில் அறிபவர் பக்கத்து வீட்டுப் பெண்மணி. எனவே பெண்கள் தனியே ஓர் அமர்வில் இதே படத்தை வரையட்டும். அவர்கள் கொட்டை வைத்த வீடுகளில் நாம் விட்டவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்போம்.

ரமளானுக்கு முன்பாக, ஷஃபான் மாதத்திலேயே இவ்விரு அமர்வுகளையும் நடத்திவிடலாம் என்பது என் கோரிக்கை. அதுவரை இவ்வாண்டு மனுக்களின் உறைகளைப் பிரிக்காமல் வைத்திருக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.