அப்பாவின் ஃபியட்

(மும்பை அங்கத்தினர் ஒருவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

காரைப் பற்றிச் சங்கத்தில் என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பெரியவர்கள் விட்டுப்போன ஏதாவது ஒரு பொருள் நம்மில் பலர் அகத்தில் தூசி படிந்து கிடக்கிறது. அதனால்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

என் தகப்பனார் மாட்டுங்காவில் இருந்தபோது 1969-இல் வாங்கிய ஃபியட் 1100 அது. குர்லாவில் ப்ரீமியர் தொழிற்சாலையில் தயாரானது. 1,089 சி.சி. எஞ்சின், கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கும். 2008-இல் அப்பா காலமானார். ஃப்ளாட்டைப் பங்கிடுவதில் அண்ணாவுக்கும் எனக்கும் மனஸ்தாபம் வந்து பேச்சு நின்றது. காரைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை. தார்ப்பாய்க்குள் பதினான்கு மழைக்காலம் நின்றது.

2022-இல் ஹௌசிங் சொசைட்டியிலிருந்து கடிதம் வந்தது: எடுக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போகும். ஆர்.டி.ஓ.வில் விசாரித்தேன். வண்டிச் சொந்தக்காரர் காலமானால் 30 நாளில் தகவல் தரவேண்டும், மூன்று மாதத்தில் படிவம் 31 கொடுக்கவேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. அபராதம் கட்டலாம், அண்ணாவின் கையெழுத்துக்கு என்ன செய்வது?

மூன்று நாள் யோசித்துவிட்டு ஃபோன் செய்தேன். மன்னிதான் எடுத்தாள். "அவரையே கேளுங்கோ" என்று கொடுத்துவிட்டாள். அண்ணா அதிகம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு பழைய நோட்டையும் கொண்டுவந்திருந்தார். பெட்ரோல், ஆயில் மாற்றிய தேதி, டயர் விலை, எல்லாம் அப்பாவின் கையெழுத்தில்.

நான் செய்த தப்பையும் சொல்கிறேன். ஆசையில் முதலில் பெயிண்ட் அடித்தேன். ஒரே மழையில் துரு கொப்புளித்து வெளியே வந்தது. பிறகு பழைய டாக்ஸி மெக்கானிக் ஒருவர் சரியான வரிசையைச் சொன்னார். நெடுநாள் நின்ற எஞ்சினைச் சாவி போட்டுச் சுற்றக்கூடாது. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, கையால் மெள்ளத் திருப்பவேண்டும். பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், டாங்க்கைக் கழுவவேண்டும். பிரேக், எலி கடித்த வயர், ரப்பர் குழாய், துருப்பிடித்த அடித்தகடு, இவையெல்லாம் ஆனபிறகே பெயிண்ட். பத்மினிக்கும் அதே 1,089 சி.சி. எஞ்சின்தான் என்பதால் எஞ்சின் சாமான்கள் கிடைத்தன. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. வேலை தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். வண்டி வைத்திருப்பவர்கள் தாமதிக்கவேண்டாம்.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனி 'விண்டேஜ்' பதிவு வந்தது. அதை வாங்கினால் தினசரி ஓட்டமுடியாது. அண்ணா சொன்னார்: "நிறுத்தி நிறுத்தித்தானேடா இந்த கதி?" சாதாரணப் பதிவையே புதுப்பித்தோம்.

இப்போது ஞாயிறுதோறும் காலையில் நானும் அண்ணாவும் அதில் ஒரு சுற்றுப் போகிறோம். ஃப்ளாட் விவகாரம் இன்னும் முழுக்கத் தீரவில்லை. ஆனால் வண்டியில் அதைப் பேசுவதில்லை. நோட்டில் அப்பா விட்ட இடத்திலிருந்து அண்ணா எழுதிவருகிறார்.